எத்தனை புழுக்கை வேண்டும்?

ஒரு வீட்டில் எலி இருக்கிறது என்று சொல்வதற்கு எத்தனை புழுக்கை வேண்டும்? விளையாட்டாகக் கேட்கவில்லை. சென்னையில் ஐந்து பெண்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் ஒரு வீட்டில், போன வருடம் ஏறத்தாழ நான்கு மாதம் இந்தக் கேள்வியோடு வாழ்ந்திருக்கிறேன். ஒன்று கிடைத்தபோது கருஞ்சீரகம் சிந்தியிருக்கும் என்றார்கள். மூன்று கிடைத்தபோது பல்லி எச்சம் என்றார்கள். பல்லி எச்சத்தின் ஒரு நுனியில் வெள்ளையாக இருக்கும். இதில் அது இல்லை. சுண்டெலியின் புழுக்கை அரிசி நீளம்தான் இருக்கும், இரண்டு முனையும் கூர்ந்திருக்கும். ஒரு சுண்டெலி ஒரு நாளைக்கு ஐம்பதுக்கு மேல் போடும். அப்படியானால் மீதி எங்கே என்று கேட்டாள் ஒருத்தி. நியாயமான கேள்வி. மீதியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது யார் என்பதை மட்டும் அவள் கேட்கவில்லை.

ஆதாரம் என்பது தானாகக் கிடைக்கும் பொருள் அல்ல, யாரோ உட்கார்ந்து தயாரிக்க வேண்டிய ஒன்று. தத்துவப் புத்தகங்களில் இதைப் பற்றி அதிகம் படித்ததில்லை. சமையலறை மேடைக்கு அடியில் குனிந்தால் தெரிகிறது. இரவு பாத்திரம் எல்லாம் கழுவி முடித்தபின் சிங்க்குக்குக் கீழே கோலமாவைத் தூவி வைக்க வேண்டும். அரிசி மாவு தூவினால் அதுவே தீனியாகிவிடும். கடையில் விற்கும் கல் கோலமாவுதான் சரி. விடியற்காலையில், யாரும் மிதிப்பதற்கு முன்னால், எழுந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கால்தடம் இருந்தால் படம் எடுக்க வேண்டும். பிறகு அந்த மாவைக் கூட்டி அள்ள வேண்டும். இதை யார் செய்தது? எங்கள் ஐவரில் இரண்டு பேர் ஐடி கம்பெனி, ஒருத்தி தனியார் மருத்துவமனையில் செவிலியர், நான் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவள். ஐந்தாமவள் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறாள். "நீ வீட்லதானே இருக்க" என்று அவள் தலையில் அது விழுந்தது. ஆண்கள் யாரும் இல்லாத வீட்டில்கூட, வீட்டில் இருக்கும் பெண் என்று ஒருத்தி உருவாகிவிடுகிறாள். சம்பளம் வாங்காத நேரம் எல்லாருடைய நேரமும் ஆகிவிடுகிறது.

அவள் பத்து நாள் மாவு தூவினாள். இரண்டு நாள் தடம் கிடைத்தது. படம் தெளிவாக இல்லை என்று ஒருத்தி பதில் போட்டாள். மூஞ்சுறாக இருக்கலாம் என்று இன்னொருத்தி. மூஞ்சுறு என்றால் பரவாயில்லையாம். ஒரு வகையில் உண்மைதான். மூஞ்சுறு எலி இனமே அல்ல. கரப்பான், பூச்சி என்று தின்னும், பொருளைக் கொறித்து வைக்காது. பிள்ளையார் வாகனம் என்ற மரியாதை வேறு. ஆனால் மூஞ்சுறு போன இடத்தில் ஒரு வீச்சம் இருக்கும், அது எங்கள் வீட்டில் இல்லை. இருந்தது அவல் பாக்கெட்டின் மூலையில் ஒரு கடி, பிடிதுணியின் ஓரத்தில் இன்னொரு கடி.

வாடகைக்கு இருக்கும் பெண்களுக்கு எலி ஏன் வெறும் எலியாக இருப்பதில்லை என்பதற்கு வருகிறேன். வீட்டு உரிமையாளருக்கு ஃபோன் செய்தபோது அவர் சொன்ன முதல் வாக்கியம்: "பொண்ணுங்க இருக்கிற வீட்ல எலி எப்படிம்மா வரும்?" இரண்டாவது வாக்கியம்: "உங்களுக்கு முன்னாடி மூணு வருஷம் ஃபேமிலி இருந்தாங்க, எலின்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல." கோபமாகச் சொல்லவில்லை, ஆச்சரியமாகத்தான் சொன்னார். என் தம்பி கிண்டியில் நான்கு நண்பர்களோடு இருந்தான். அங்கே எலிக்குப் பெயர் வைத்து, வாடகை கேட்டுக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். ஆண்கள் அறையில் எலி ஒரு நகைச்சுவைக் கதை. பெண்கள் வீட்டில் அது ஒரு நடத்தைச் சான்றிதழ். துடைத்தாயா, மூடி வைத்தாயா, இரவில் பாத்திரத்தைப் போட்டு வைத்தாயா என்ற விசாரணை அந்த ஒரு புழுக்கையிலிருந்தே தொடங்கிவிடுகிறது. கல்யாணமாகாத ஐந்து பெண்களுக்கு வீடு கொடுத்ததே பெரிய மனது என்று நினைக்கிற ஊரில், அந்த விசாரணை எங்கே போய் முடியும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். மாதம் 26,000 ரூபாய் வாடகை, தலைக்கு 5,200. இதே வட்டாரத்தில் இந்த விலைக்கு, "ஃபேமிலி மட்டும்" என்ற பலகை இல்லாத வீடு இன்னொன்று கிடைக்காது. அதனால் எலி இல்லை என்று நம்புவதில் எங்களில் சிலருக்கும் லாபம் இருந்தது.

வில்லியம் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் 1877 இல் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு, பழுது பார்க்க வேண்டும் என்ற சந்தேகம் அவருக்கே இருக்கிறது. பழுது பார்த்தால் செலவு. எத்தனையோ புயலைத் தாண்டிய கப்பல்தானே, இந்த முறையும் தாண்டும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, புலம்பெயரும் குடும்பங்களை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது, அவர் காப்பீட்டுத் தொகையை வாங்கிக்கொள்கிறார். அவர் மனப்பூர்வமாக நம்பினார் என்பது அவரை விடுவிக்காது என்கிறார் கிளிஃபோர்ட். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளிதான், ஏனென்றால் அந்த நம்பிக்கைக்கு அவருக்கு உரிமை இல்லை.

இந்தக் கட்டுரை போதிய ஆதாரமில்லாமல் எதையும் நம்பக் கூடாது என்பதற்காகத்தான் எப்போதும் எடுத்துக்காட்டப்படுகிறது. வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தான். பேய், ஜோசியம், கேள்விப்பட்ட கதை, இவற்றை நம்பாதே என்று. ஆனால் கட்டுரையில் தவறு செய்பவன் அநாவசியமாகப் பயந்தவன் அல்ல. ஒன்றுமில்லை என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டவன். "எலி இல்லை" என்பதும் ஒரு நம்பிக்கை. அதற்கும் ஆதாரம் வேண்டும். மூன்று வருடம் யாரும் சொல்லவில்லை என்பது ஆதாரமா? ஆனால் நம் வீடுகளில் "இருக்கு" என்று சொல்பவளிடம் மட்டும்தான் ஆதாரம் கேட்கிறோம். "இல்லை" என்று சொல்பவர் சோபாவிலிருந்து எழாமலே சொல்லிவிடலாம். கேஸ் வாடை வருகிறது, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒருத்தன் பின்னாலேயே வருகிறான், குழந்தை அந்த மாமா வீட்டுக்குப் போகப் பயப்படுகிறது. இவற்றை எல்லாம் முதலில் சொல்லும் பெண்களுக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "உனக்கு ஏதோ பிரமை." அதே சமயம், ஒரு கணவனுக்கு மனைவி மேல் வரும் சந்தேகத்துக்கு ஒரு புழுக்கைகூடத் தேவைப்படுவதில்லை. அவன் சந்தேகத்தை அவள்தான் பொய்யென்று காட்ட வேண்டும். ஒரே சொல்தான், சந்தேகம். யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அது நோயாகவும் தீர்ப்பாகவும் மாறிவிடுகிறது.

எங்கள் வீட்டில் அது தீர்ப்பாக மாறிய நாளையும் சொல்ல வேண்டும். செவிலியர் தோழி தூத்துக்குடிப் பக்கம். மாதத்தில் ஒரு ஞாயிறு விடுப்பு கிடைத்தால் கருவாட்டுக் குழம்பு வைப்பாள். ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டுத்தான் வைப்பாள். அவல் பாக்கெட் கடிபட்ட அன்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது: கருவாட்டு வாசனைக்குத்தான் எலி வருகிறது, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் போடவில்லை, போடவும் தேவையில்லை. வீட்டில் கருவாடு வைத்திருப்பவள் ஒருத்திதான். சுண்டெலிக்கு முதலில் வேண்டியது தானியமும் விதையும். கடிபட்டது அவல். நெத்திலி இருந்த டப்பா அதற்குக் கீழ்த்தட்டில் பல் படாமல் அப்படியே இருந்தது. நான் அன்றே குழுவில் இதை எழுதினேன். பதில் இல்லை. செவிலியர் தோழியும் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த நாள் இரவுப்பணிக்குப் போகும்போது அந்த டப்பாவைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது கையில் டப்பா இல்லை.

எலி இருக்கிறதா என்பதற்கு மூன்று மாதமாக ஆதாரம் போதாது என்று சொன்னவர்களுக்கு, எலி யாரால் வந்தது என்பதற்கு ஓர் இரவு போதுமாக இருந்தது. எலியே நிரூபிக்கப்படவில்லை, ஆனால் எலியைக் கூட்டி வந்தவள் நிரூபிக்கப்பட்டுவிட்டாள். இது எப்படி முடிகிறது? சிலப்பதிகாரத்தில் பாண்டியன் செய்ததும் இதுதான். அரசியின் சிலம்பைத் திருடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். அவனே போய் ஊருக்குப் புதியவனான கோவலனைக் கைகாட்டுகிறான். அரசன் விசாரிக்கவில்லை. கொன்றபிறகுதான் விசாரணை, அதுவும் கொல்லப்பட்டவனின் மனைவி வந்து கேட்டதால். ஆதாரத்தைக் கொண்டு வந்து, சபையில் உடைத்து, உள்ளே இருப்பது முத்தல்ல மாணிக்கம் என்று காட்ட வேண்டியதும் அவள்தான். ஓர் அவல் பாக்கெட்டுக்கு இவ்வளவு பெரிய காப்பியமா என்று கேட்பீர்கள். கருவாடு என்ற சொல்லுக்குப் பின்னால் சாதி இருக்கும்போது, அசைவம் சமைக்கக் கூடாது என்பதற்காகவே வீடு மறுக்கப்படும் ஊரில், அந்தச் செய்தியின் கனம் எலியின் கனம் அல்ல.

எனக்கு இதில் தோன்றுவது எளிய ஒரு வேறுபாடு. ஓர் ஓட்டையை அடைக்க சந்தேகம் போதும். ஒரு மனுஷியைக் குற்றம் சொல்ல சந்தேகம் போதாது. ஓட்டையை அநாவசியமாக அடைத்தால் நஷ்டம் ஒரு கை சிமெண்ட். அநாவசியமாக ஒருத்தி மேல் பழி போட்டால் அந்த நஷ்டத்தை ஈடுகட்ட ஒன்றுமில்லை. எவ்வளவு ஆதாரம் வேண்டும் என்பதற்கு ஒரே அளவுகோல் கிடையாது. தவறிப்போனால் யார் எவ்வளவு இழப்பார் என்பதுதான் அளவு. நம் வழக்கமோ இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது. செலவு வைக்கும் சந்தேகத்துக்கு மலையளவு ஆதாரம் கேட்கும், பழி போடும் சந்தேகத்துக்கு வாசனையே போதும்.

மருந்து வைக்கும் விஷயத்திலும் இதே அளவுகோல்தான் பயன்பட்டது. உரிமையாளர் கடைசியில் ஆள் அனுப்புகிறேன், மருந்து வைக்கட்டும் என்றார். 2024 நவம்பரில் குன்றத்தூரில் ஒரு வீட்டுக்குள் வைக்கப்பட்ட எலி மருந்தின் நெடியைச் சுவாசித்து இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். செய்தி படித்த யாருக்கும் அது மறந்திருக்காது. மூடிய அறையில் ஏசி போட்டுத் தூங்குகிற வீடு எங்களுடையது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருந்தது. எலிப்பசை என்று டியூபில் வரும் மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலை என்ன செய்யும் என்பதைச் செவிலியர் தோழி வார்டில் பார்த்திருக்கிறாள். அவள் விவரிக்கவில்லை. "அந்த டியூப் இந்த வீட்டுக்குள்ள வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள். அப்போது யாரும் அவளிடம் ஆதாரம் கேட்கவில்லை. அவள் சொன்னதற்கு அவள் வேலையின் எடை இருந்தது. கருவாடு விஷயத்தில் அவளிடம் இல்லாத எடை இதில் எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பசை அட்டை பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் எலி அதில் சாவதில்லை, ஒட்டிக்கொண்டு பசியிலும் தாகத்திலும் மணிக்கணக்கில் துடிக்கிறது. அதைத் தடுக்கும்படி இந்திய விலங்கு நல வாரியமே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. எங்கள் வீட்டில் அதைப் பேசியபோது, ஒட்டிய எலியைக் காலையில் யார் எடுப்பது என்று ஒருத்தி கேட்டாள். "வாட்ச்மேன் அண்ணாவைக் கூப்பிடலாம்" என்றாள் இன்னொருத்தி. கூட்டுகிறவர், துடைக்கிறவர், கொல்கிறவர் என்று வேலையைக் கைமாற்றிக்கொண்டே போவது சுலபமாக இருக்கிறது. வேண்டாம் என்று முடிவானது. அருவருப்பில் எடுத்த முடிவா, இரக்கத்தில் எடுத்ததா என்று கேட்டால் ஐந்து பேரும் ஐந்து பதில் சொல்வோம்.

இனி ஓட்டைக்கு வருகிறேன். சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும், ஒரு பென்சில் தடிமன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்க்கின் அடியில் இருந்த அலமாரிப் பலகையைக் கழற்றினோம். குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். அந்தத் துவாரத்துக்குள் திணிக்கப்பட்டிருந்தது பழைய சேலைத் துணி, அதற்கு உள்ளே சுருட்டிய செய்தித்தாள். துணியின் ஒரு பக்கம் முழுதும் கொறிக்கப்பட்டு வழி விடப்பட்டிருந்தது. செய்தித்தாளை மெல்லப் பிரித்துப் பார்த்தேன். தேதி, நாங்கள் குடிவருவதற்கு ஒன்றரை வருடம் முந்தையது.

மூன்று வருடம் குடும்பமாக இருந்தவர்கள் எலி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. உரிமையாளர் பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் இருந்த அம்மா சொல்லவில்லைதான். தன் சேலையைக் கிழித்து அடைத்துவிட்டு, பலகையைத் திரும்ப மாட்டியிருக்கிறார். அந்த அம்மாவை எனக்குத் தெரியாது, அடைத்தது அவர்தான் என்பதும் என் ஊகம். ஆனால் சேலையைக் கிழிப்பவர் யாராக இருக்கும்?

மிராண்டா ஃப்ரிக்கர் என்ற தத்துவவாதி 2007 இல் எழுதிய புத்தகத்தில், ஒருவர் யார் என்பதாலேயே அவர் சொல்வது குறைவாக நம்பப்படுவதை ஓர் அநீதியாக அடையாளம் காட்டினார். அது சொன்னபிறகு நடக்கும் அநீதி. கறுப்பினப் பெண்ணியத் தத்துவவாதி கிறிஸ்டி டாட்சன் 2011 இல் வெளிவந்த கட்டுரையில் அதற்கும் முந்தைய ஒன்றைக் காட்டினார். கேட்பவருக்கு இதை வாங்கிக்கொள்ளும் மனமோ தகுதியோ இல்லை, சொன்னால் ஆபத்துதான் என்று தெரிந்து, சொல்ல வந்ததைத் தானே அமுக்கிக்கொள்வது. வெளியிலிருந்து பார்த்தால் அது அமைதியாகத் தெரியும். அந்த அமைதி பிறகு "யாரும் சொன்னதே இல்லையே" என்று அடுத்து வருகிறவளுக்கு எதிரான ஆதாரமாகிவிடும். சேலைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது இந்தக் கட்டுரை எனக்கு நன்றாகவே புரிந்தது.

இன்னொருவரும் சொல்லாமல் இருந்திருக்கிறார். எங்கள் வீட்டில் காலையில் பெருக்கித் துடைக்க வரும் அக்கா, துவாரத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும் பாப்பா, சிலிண்டருக்குப் பின்னாடி தினம் கிடக்கும், கூட்டிப் போட்டுருவேன்" என்றார். மீதிப் புழுக்கை எங்கே என்ற கேள்விக்கு விடை இதுதான். எங்களுடைய ஆதாரம் தினமும் காலை ஏழரை மணிக்கு முறத்தில் அள்ளப்பட்டுக் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏன் அக்கா சொல்லவில்லை என்று கேட்டேன். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் சொன்னாராம். மூலையில் ஒழுங்காகக் கூட்டாததால்தான் வந்தது என்று திட்டி, அந்த மாதச் சம்பளத்தில் இருநூறு ரூபாய் பிடித்தார்களாம். "வாயக் கொடுத்து மாட்டிக்கிறதா?" என்றார். எங்கள் ஐவரில் யாரும் சம்பளம் பிடிக்கமாட்டோம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் நம்மைப் பற்றிய சந்தேகத்துக்கு ஆதாரம் தேட வேண்டியவர் அல்ல. தவறிப்போனால் இழப்பவர் அவர்தான். முன்பு நான் சொன்ன அளவுகோலின்படி அவர் மௌனம் மிகச் சரியான கணக்கு.

அடைத்ததைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை இறுக்கித் திணித்து, மேலே சிமெண்ட் பூசினோம். நாரை எலியால் கொறிக்க முடியாது. தானியத்தை எல்லாம் மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாக்களுக்கு மாற்றினோம். நார், சிமெண்ட், கையுறை எல்லாம் சேர்த்து 340 ரூபாய். இதை யார் கொடுப்பது என்று பார்க்க தமிழ்நாட்டின் 2017 ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். அதன் அட்டவணையில் பராமரிப்பு இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு. சாக்கடை அடைப்பு எடுப்பது, சுவிட்ச், ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. குழாய் அவருடையது, சாக்கடை எங்களுடையது, எலி இரண்டுக்கும் நடுவில் வருகிறது. தலைக்கு 68 ரூபாய் போட்டுக் கொடுத்துவிட்டோம்.

எலியை ஐவரில் ஒருத்தியும் கடைசிவரை கண்ணால் பார்க்கவில்லை. அடைத்தபிறகு புழுக்கை இல்லை, கடி இல்லை, அவ்வளவுதான். அது பல்லிதான் என்று ஒருத்தி இன்னமும் சொல்கிறாள், சொல்லட்டும். செவிலியர் தோழி கருவாடு வாங்குவதில்லை. இரண்டு முறை கேட்டேன். "டூட்டி ஜாஸ்தியா இருக்கு, சமைக்க நேரம் எங்க" என்றாள். அவல் வைத்திருந்தவள் ஒரு ஞாயிறு தானே போய் நெத்திலி வாங்கி வந்து மேடையில் வைத்தாள். அது ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

அக்கா மட்டும் இப்போது ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போகிறார். கேஸ் டியூப் வெடிப்பு விட்டிருக்கிறது என்றார், மாற்றினோம். பால்கனிக் கம்பி ஆடுகிறது என்றார். போன வாரம் சொன்னது, மாடிப்படி விளக்கு மூன்று நாளாக எரியவில்லை, இரவுப்பணி முடிந்து வருகிற பிள்ளை விழுந்துவிடப் போகிறது என்று. கம்பி, விளக்கு இரண்டையும் படத்தோடு உரிமையாளருக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீலக் குறியும் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.